வீவக கார் நிறுத்துமிடத்து மேல்தளத்திலிருந்து விண்வெளி நிலையத்தைப் படம்பிடிப்பது எப்படி

சிங்கப்பூரில் இருந்துகொண்டு தொலைநோக்கி வாங்கினாயா, இங்கே நிலாவை விட்டால் வேறென்ன தெரியும் என்று என்னைக் கேட்காத சொந்தக்காரர் கிடையாது. கேட்பவர்களிடம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டுவேன். பழுப்பும் தங்கமும் கலந்த நிறத்தில் ஜோடி ஜோடியாகச் சிறகுகள், குறுக்கே ஒரு நீண்ட சட்டம், நடுவில் வெள்ளையாகச் சில உருளைகள். அனைத்துலக விண்வெளி நிலையம். ஈசூனில் எங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குக்குப் பக்கத்துப் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில், எட்டு அங்குல டாப்சோனியன் (சுழலும் அடிப்பாகத்தில் உட்காரும்) தொலைநோக்கியைக் கையாலேயே தள்ளித் தள்ளி எடுத்தது. மோட்டார் எதுவும் இல்லை. நம் ஊர் வெளிச்சம் இதற்கு ஒரு தடையே இல்லை, ஏனென்றால் நிலையம் நன்றாக உயரே வரும்போது நிலாவையும் வெள்ளிக்கோளையும் தவிர வானத்தில் அதோடு போட்டிபோட எதுவும் இருக்காது.

எப்படி எடுத்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் துண்டு துண்டாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். நான்கைந்து முறை கோட்டைவிட்ட பிறகுதான் எனக்கு ஒரு படம் தேறியது. அந்த நான்கைந்து முறையையும் உங்களுக்கு மிச்சப்படுத்த முடிந்தால் சரி.

முதலில் எதைத் துரத்துகிறோம் என்று பார்த்துவிடலாம். நிலையம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 109 மீட்டர். நீளமான வீவக புளோக் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 400 கிலோமீட்டருக்குச் சற்று மேலே, விநாடிக்கு சுமார் 7.66 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்துக்கு சாங்கியிலிருந்து துவாஸ் ஆறரை விநாடிப் பயணம். நேர் தலைக்கு மேலே வரும்போது கண்ணுக்கு அது சுமார் 55 வில்விநாடி அகலம். ஒரு டிகிரியை 3,600 பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு வில்விநாடி. இன்னும் எளிதாகச் சொன்னால், சிங்கப்பூரின் ஒரு வெள்ளி நாணயத்தைத் தொண்ணூறு மீட்டர் தள்ளிப் பிடித்தால் தெரியும் அளவு. வியாழனைவிடக் கொஞ்சம் பெரிது. ஆக, வியாழனின் பட்டைகளைக் காட்டும் தொலைநோக்கி எதுவாக இருந்தாலும் நிலையத்தின் சிறகுகளையும் காட்டும். வியாழன் நின்று காட்டும், இது நிற்காது, அவ்வளவுதான் வித்தியாசம். உச்சியில் இது விநாடிக்கு ஒரு டிகிரிக்கு மேல் நகர்கிறது, அதாவது ஒவ்வொரு விநாடியும் இரண்டு நிலா அகலம்.

எப்போது வரும்

இங்கேதான் நம் ஊருக்கும் இணையத்தில் வழிகாட்டி எழுதும் ஐரோப்பாக்காரர்களுக்கும் ஒத்துவராது. அவர்களுக்கு ஜூன் மாதத்தில் ராத்திரி முழுக்க, ஒன்றரை மணிக்கு ஒருமுறை நிலையம் ஒளிர்ந்துகொண்டே வரும். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரை டிகிரி கூட இல்லாத தூரத்தில். சூரியன் இங்கே சாய்வாக இறங்காது, கல்லைப் போட்டதுபோல் நேராக விழும். சூரியன் அடிவானத்துக்கு இருபது டிகிரி கீழே போனால் தலைக்கு மேலே இருக்கும் நிலையமும் பூமியின் நிழலுக்குள் போய்விடும். நமக்கு அது அஸ்தமனத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மணி இருபது நிமிடத்தில் நடந்துவிடுகிறது. நம் ஊரில் சூரியன் வருடம் முழுக்க 6.50க்கும் 7.20க்கும் இடையில் மறைகிறது, அதனால் மாலையில் நமக்கு உள்ள வாய்ப்பு ஏழேகாலிலிருந்து எட்டரைக்குள். காலையிலும் அப்படித்தான், ஐந்தரையிலிருந்து ஆறேமுக்காலுக்குள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. நிலையத்தின் பாதை நிலநடுக்கோட்டுக்கு 51.6 டிகிரி சாய்ந்தது. அதனால் அது வடக்கிலும் தெற்கிலும் அந்த எல்லைகளுக்குப் பக்கத்தில்தான் அதிக நேரம் செலவழிக்கிறது, நடுவில் இருக்கும் நம்மைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடிவிடுகிறது. சில நாட்கள் மாலையில் வரும், பிறகு வாரக்கணக்கில் ஒன்றும் இருக்காது, அப்புறம் ஒருநாள் அதிகாலையில் தலைகாட்டும். அதிலும் உயரமாக வருவது ஒன்றிரண்டு. அதிலும் மேகம் இல்லாதது... அதைச் சொல்லவே வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை, நடுவில் சுமத்ராவிலிருந்து விடிகாலையில் வரும் புயல்காற்று, சில வருடங்களில் புகைமூட்டம். இத்தனையையும் தாண்டி ஒரு நல்ல வாய்ப்பு கிடைக்கும்போது தொலைநோக்கியோடு தடுமாறிக்கொண்டிருக்கக் கூடாது என்பதால்தான், கருவியைவிட ஒத்திகையைப் பற்றி இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

நேரத்தை ஹெவன்ஸ் அபவ் தளத்திலோ செயலியிலோ பாருங்கள். ஊரைச் சரியாகக் கொடுங்கள், நேரத்தை அன்றைக்கே மறுபடி சரிபாருங்கள். நிலையத்தை அவ்வப்போது உந்தி உயரம் ஏற்றுவார்கள், அப்போது போன வாரம் குறித்து வைத்த நேரம் தப்பிவிடும். அதிகபட்ச உயரம் (அடிவானம் 0, நேர் தலைக்கு மேல் 90) 50 டிகிரிக்குக் கீழே என்றால் நான் தொலைநோக்கியை வெளியே எடுப்பதில்லை. 30 டிகிரி உயரத்தில் நிலையம் சுமார் 765 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும், படம் பாதியாகச் சுருங்கிவிடும். அதே சமயம் 88, 89 டிகிரி என்று பார்த்ததும் துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். டாப்சோனியன் நேர் உச்சியில் திரும்பத் திணறும். குழாயை நட்டுக்குத்தலாக நிறுத்திவிட்டு அடிப்பாகத்தைச் சட்டென்று அரைவட்டம் சுழற்றவேண்டி வரும், அதற்குள் ஆள் போய்விடுவார். 65 முதல் 75 டிகிரி வரை வரும் நாள்தான் என் கணக்கில் நல்ல நாள்.

யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று. மாலை நேரத்தில் சூரியன் மேற்கே இருக்கிறது. நிலையம் மேற்குப் பக்கத்திலிருந்து ஏறி வரும்போது அதன் நிழல்பக்கம்தான் நம்மைப் பார்க்கும். உச்சியைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போதுதான் வெயில் அதன் முகத்தில் விழும். ஆகவே மாலையில் உச்சிக்குப் பிறகு வரும் ஐம்பது விநாடிதான் பொன்னான நேரம், ஏறும்போது தவறவிட்டால் கவலைப்படாமல் துரத்துங்கள். அதிகாலையில் இது தலைகீழ், உச்சிக்கு முன்னால்தான் எல்லாம். தென்மேற்கிலிருந்து வடகிழக்கு, அல்லது வடமேற்கிலிருந்து தென்கிழக்கு, இந்த இரண்டு வழிதான் அது நம்மைக் கடக்கும். மாலையில் கிழக்கே இறங்கும்போது பல நாட்களில் பாதி வானத்திலேயே சிவந்து மங்கிக் காணாமல் போகும். பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது என்று அர்த்தம், உங்கள் கண்ணில் கோளாறு இல்லை.

என்ன வேண்டும்

என்னிடம் இருப்பது 203 மில்லிமீட்டர் கண்ணாடி, 1,200 மில்லிமீட்டர் குவியத் தூரம் உள்ள சாதாரண டாப்சோனியன். பழைய பொருள் விற்கும் செயலியில் ஒருவரிடமிருந்து இரண்டாம் கையாக வாங்கினேன், பாவம், வீடு மாறுகிறார், மனைவி இடம் இல்லை என்று சொல்லிவிட்டாராம். ஆறு அங்குலமும் போதும். கண்ணாடி பெரிதானால் விவரம் கூடும், மின்தூக்கிக்குள் நுழைப்பது கஷ்டமாகும். எட்டு அங்குலத்தால் கோட்பாட்டளவில் 0.57 வில்விநாடி வரை பிரித்துக் காட்ட முடியும், நிலையத்தின் தூரத்தில் அது ஒரு மீட்டருக்குச் சற்று மேல். நான்கு மீட்டர் குறுக்களவு உள்ள உருளைகளும், 35 மீட்டர் நீளமுள்ள சூரியத் தகடுகளும் தாராளமாகத் தெரியும். விண்வெளி வீரர் வெளியே நடப்பதை எடுத்தேன் என்று யாராவது எட்டு அங்குலத்தோடு வந்து சொன்னால், ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கேமராவுக்கு இரண்டு வழி. கோள்களை எடுக்கும் சின்ன வீடியோ கேமரா ஒன்று, அல்லது கையில் இருக்கும் டிஎஸ்எல்ஆர். டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் முதலில் பகலிலேயே ஒரு விஷயத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். பல டாப்சோனியன்களில் டிஎஸ்எல்ஆரை நேராக மாட்டினால் ஃபோகஸே கிடைக்காது, குழலை எவ்வளவு உள்ளே தள்ளினாலும் இன்னும் ஒரு சென்டிமீட்டர் பாக்கி இருக்கும். நடுவில் ஒரு பார்லோ லென்ஸ் (குவியத் தூரத்தைக் கூட்டிப் படத்தைப் பெரிதாக்கும் சின்ன லென்ஸ்) போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். கைப்பேசியை ஐபீஸில் பிடித்து எடுப்பது நிலாவுக்கு நல்லது, இதற்கு வேண்டாம்.

வீடியோ கேமராவில் படத்தின் அளவு எவ்வளவு வரும் என்பதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும். பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206ஆல் பெருக்கிக் குவியத் தூரத்தால் வகுங்கள். எனக்கு 2.9 மைக்ரான், 1,200 மில்லிமீட்டர், ஆக ஒரு பிக்சலுக்கு அரை வில்விநாடி. நிலையம் 110 பிக்சல் அகலம் வரும். இரண்டு மடங்கு பார்லோ போட்டால் 220. உடனே பார்லோவைத் தேடாதீர்கள். பார்லோ இல்லாமலேயே என் கேமராவுக்குத் தெரியும் வானம் 16க்கு 9 வில்நிமிடம்தான் (ஒரு வில்நிமிடம் 60 வில்விநாடி), நிலாவில் பாதி அகலம். அந்தச் சாளரத்துக்குள் ஓடும் பொருளை நிறுத்தவேண்டும். பார்லோ போட்டால் இதிலும் பாதி. முதல் மூன்று நான்கு முறை பார்லோவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

கேமராவை மாட்டியதும் குழாயின் முன்பக்கம் கனத்துத் தலையைத் தொங்கப்போடும். பின்முனையில் எதிர் எடை கட்டவேண்டும். கடையில் காந்த எடை கிடைக்கும். நான் ஒரு கிலோ துவரம்பருப்புப் பொட்டலத்தை ஒட்டுப்பட்டையால் கட்டி ஒரு வருடம் ஓட்டினேன், பிறகு அது சாம்பாருக்குப் போய்விட்டது. கையை எடுத்தால் குழாய் விட்ட இடத்தில் நிற்கவேண்டும், ஒரு விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகவேண்டும். இந்த இரண்டும் இல்லாத டாப்சோனியனை வைத்துக்கொண்டு நிலையத்தைத் துரத்துவது, சக்கரம் மாட்டிக்கொண்ட தள்ளுவண்டியோடு பேரங்காடியில் சுற்றுவது மாதிரி.

ஈரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏர்கான் அறையிலிருந்து நேராக வெளியே கொண்டு வந்தால் கண்ணாடி முகம் முழுக்கப் பனி படிந்துவிடும், பத்து நிமிடத்தில் போகாது. தொலைநோக்கியை ஏர்கான் இல்லாத கூடத்தில் வையுங்கள், அல்லது ஒரு மணி நேரம் முன்னதாகவே வெளியே எடுத்துவிடுங்கள். கேமராவும் லென்ஸும் டிரை கேபினட்டில் இருக்கட்டும். நம் ஊர்ப் பூஞ்சை கண்ணாடியை விடாது.

ஃபைண்டர், ஃபைண்டர், ஃபைண்டர்

எல்லாம் இதில்தான் இருக்கிறது. கேமரா மாட்டிய பிறகு நீங்கள் தொலைநோக்கி வழியாகப் பார்க்கப்போவதில்லை. பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஃபைண்டர் என்ற சின்னக் குறிபார்ப்புத் தொலைநோக்கியின் குறுக்குக் கோட்டில் நிலையத்தை நிறுத்திக்கொண்டே தள்ளப்போகிறீர்கள். ஃபைண்டர் பார்க்கும் இடமும் கேமரா பார்க்கும் இடமும் ஒன்றாக இல்லை என்றால் உங்கள் உழைப்பு மொத்தமும் வீண்.

என் முதல் முயற்சியைச் சொல்கிறேன். மேகம் இல்லாத மாலை, 71 டிகிரி, கை நடுங்காமல் ஒன்றரை நிமிடம் குறுக்குக் கோட்டிலேயே வைத்துத் துரத்தினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒன்பதாயிரம் ஃபிரேம், ஒன்பதாயிரமும் கறுப்பு. வெளிச்சம் இருக்கும்போதே ஃபைண்டரைச் சரிசெய்துவிடலாம் என்று எதிர் புளோக் தாழ்வார விளக்கை வைத்துச் சரிசெய்திருந்தேன், அதுதான் தப்பு. அந்த விளக்கு எண்பது மீட்டர் தூரம். ஃபைண்டர் பிரதான குழாயின் மையத்திலிருந்து இருபது சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. எண்பது மீட்டரில் இரண்டையும் ஒரே புள்ளியில் சேர்த்தால், வானத்தில் எட்டரை வில்நிமிடம் விலகிவிடும். கேமராவின் சாளரமே ஒன்பது வில்நிமிட உயரம். நிலையம் முழுநேரமும் சட்டத்துக்கு வெளியே ஜாலியாக ஓடியிருக்கிறது.

ஆகவே நட்சத்திரம், கோள், நிலா, இந்த மூன்றில் ஒன்றை வைத்துத்தான் சரிசெய்யவேண்டும். கேமரா மாட்டிய நிலையில், மடிக்கணினித் திரையில் வியாழனையோ ஒரு பிரகாசமான நட்சத்திரத்தையோ நட்டநடுவில் கொண்டுவந்து, பிறகு ஃபைண்டர் திருகுகளைத் திருகிக் குறுக்குக் கோட்டை அதன்மேல் கொண்டுவாருங்கள். கோள் நகர்ந்திருக்கும், மறுபடி நடுவில் கொண்டுவந்து மறுபடி பாருங்கள். மூன்றாவது முறையும் சரியாக இருந்தால்தான் நம்புங்கள். சிவப்புப் புள்ளி காட்டும் ஃபைண்டர் இதற்குப் போதாது, புள்ளியே கேமராவின் சாளரம் அளவு இருக்கும். 50 மில்லிமீட்டர், ஒன்பது மடங்கு பெரிதாக்கும் குறுக்குக்கோட்டு ஃபைண்டர் வேண்டும்.

ஃபோகஸையும் அதே நட்சத்திரத்தில் முடித்துவிடுங்கள். பாட்டினோவ் முகமூடி (குழாய் வாயில் மாட்டி ஃபோகஸைச் சரிபார்க்கும் கோடு வெட்டிய தகடு) இருந்தால் அரை நிமிட வேலை. 400 கிலோமீட்டர் தொலைநோக்கிக்கு முடிவிலிதான், நட்சத்திரத்துக்குச் சரியென்றால் நிலையத்துக்கும் சரி. முடிந்ததும் ஃபோகஸ் திருகை இறுக்கி ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். மறந்துபோய்த் தொடுவீர்கள். நான் தொட்டேன், அது இரண்டாவது முயற்சி.

எக்ஸ்போஷரை வியாழனில் பார்த்து முடிவுசெய்யாதீர்கள். வியாழன் சூரியனிலிருந்து நம்மைவிட ஐந்து மடங்குக்கு மேல் தூரத்தில் இருக்கிறது, அங்கே விழும் வெயில் நமக்கு விழுவதில் இருபத்தேழில் ஒரு பங்கு. வியாழனுக்குச் சரியாக இருக்கும் அளவு நிலையத்தை வெள்ளைப் பூசணியாக்கிவிடும். நிலா இருந்தால் அதன் பிரகாசமான விளிம்பைப் பார்த்து வைத்து, அதைவிட ஒரு படி குறைத்துக்கொள்ளுங்கள். எஃப் 6 தொலைநோக்கியில் டிஎஸ்எல்ஆர் என்றால் 1/2000 விநாடி, ஐஎஸ்ஓ 400 என்று தொடங்கலாம். இரண்டு மடங்கு பார்லோ போட்டால் 1/1000, ஐஎஸ்ஓ 800. வீடியோ கேமராவில் அரை மில்லிவிநாடியிலிருந்து ஒரு மில்லிவிநாடிக்குள். சந்தேகம் வந்தால் இருட்டாக எடுங்கள். இருட்டை அப்புறம் தூக்கலாம், வெந்துபோன வெள்ளையை மீட்க முடியாது. ஆட்டோ என்று எழுதியிருக்கும் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

வேகமான ஷட்டர் ஏன் என்றால், ஆடாமல் வைத்த தொலைநோக்கிக்கு முன்னால் நிலையம் 1/1000 விநாடியில் கிட்டத்தட்ட நான்கு வில்விநாடி நகர்ந்துவிடும், விவரமெல்லாம் இழுபட்டுப்போகும். நீங்கள் கூடவே தள்ளிக்கொண்டு போனால் அந்த இழுப்பு வெகுவாகக் குறைகிறது. கை முழுசாக ஒத்துப்போக வேண்டியதில்லை. சுமாராகத் தொடர்ந்தாலே நூற்றுக்கணக்கில் சில ஃபிரேம்கள் கூர்மையாக விழும், நமக்கு அவை போதும்.

ஒத்திகைக்கு விமானம். நம் ஊரில் அதற்கா பஞ்சம்? பத்து கிலோமீட்டர் உயரத்தில் நேர் மேலே போகும் விமானம் விநாடிக்கு ஏறக்குறைய 1.4 டிகிரி நகரும், நிலையத்தைவிடச் சற்று வேகம். அதைக் குறுக்குக் கோட்டில் வைத்து ஒரு நிமிடம் தள்ளப் பழகிவிட்டால் நிலையம் உங்களுக்கு மெதுவாகத்தான் தெரியும். சாங்கியில் இறங்க வருபவை தாழ்வாக, இன்னும் வேகமாகத் தெரியும், அவை மேல்வகுப்பு. ஒரு வாரம் மாலையில் அரைமணி நேரம் போதும். லேசரால் குறிபார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். விமானத்தில் பட்டால் அது விளையாட்டில்லை.

அந்த ஆறு நிமிடம்

நான் வழக்கமாக ஒரு மணி நேரம் முன்னாலேயே மடக்கு டிராலியில் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு இறங்குவேன். ஒருநாள் மின்தூக்கியில் பத்தாம் மாடி அங்கிள் ஏறினார். மேலும் கீழும் பார்த்தார். "என்ன தம்பி, வாட்டர் ஹீட்டரைக் கழற்றிட்டீங்களா?" விஷயத்தைச் சொன்னேன். இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா நிலையத்தில் இருந்த சமயம், 2025 ஜூன் கடைசி, ஜூலை மாதம். "நம்ம ஆளு உள்ளே இருக்காராமே, நானும் வர்றேன்" என்று சரோங்கோடு கூடவே மேல்தளத்துக்கு வந்துவிட்டார். அன்றைக்கு மேகம். ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் அவர் வருகிறார், இரண்டு கோப்பி பாக்கெட்டோடு.

ஆள் ஒருவர் கூட இருப்பது நல்லது, அரட்டைக்கு மட்டும் இல்லை. இரண்டு பேர் இருந்தால் ஒருவர் ஃபைண்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருக்கலாம், இன்னொருவர் திரையைப் பார்த்துப் பதிவு ஓடுகிறதா என்று சொல்லலாம். என் மகள்தான் பெரும்பாலும் திரையில். "வந்துச்சு... போச்சு... வந்துச்சு" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். "போச்சு" தொடர்ந்து மூன்று முறை வந்தால் நான் குறுக்குக் கோட்டின் எந்தப் பக்கம் வைக்கவேண்டும் என்று கொஞ்சம் மாற்றிப் பார்ப்பேன்.

பதிவை நிலையம் அடிவானத்தில் தெரிந்ததுமே தொடங்கிவிடுங்கள். நடுவில் பொத்தானைத் தேடக் கை இருக்காது. ஒரு பக்கம் பத்து டிகிரி உயரத்துக்கு ஏறியதிலிருந்து மறுபக்கம் பத்து டிகிரிக்கு இறங்கும்வரை ஆறு நிமிடம் ஆனாலும், 45 டிகிரிக்கு மேலே இருப்பது இரண்டு நிமிடம்கூடக் கிடையாது. விநாடிக்கு நூறு ஃபிரேம் ஓடினால் முழுச் சட்டத்தில் ஒரு நிமிடத்துக்குப் பன்னிரண்டு ஜிகாபைட் சுமார் ஆகும், மடிக்கணினியில் எஸ்எஸ்டியும் வேகமான யுஎஸ்பி இணைப்பும் இல்லாவிட்டால் பாதியில் மூச்சு வாங்கும். வட்டில் இடம் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். ஷார்ப்கேப், ஃபயர்கேப்சர் என்ற பதிவு மென்பொருள்கள் இரண்டுமே இதற்கு நன்றாக ஓடும்.

நிற்கும் இடமும் முக்கியம். நிலையம் எங்கே உச்சிக்கு வருமோ அந்தத் திசையைப் பார்த்து நின்று, இரண்டு பக்கமும் காலை மாற்றாமல் திரும்ப முடிகிறதா என்று வெறுமனே ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மடிக்கணினி வயர் காலில் சுற்றிக்கொள்ளும், அதை ஒட்டிவிடுங்கள். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றால் ஃபைண்டரையும் மற்றொன்றால் வானத்தையும் பாருங்கள், முதலில் தலை சுற்றும், பழகிவிடும். ஒரு கை குழாயின் முன்முனையில், இன்னொன்று பின்னால். வெட்டி வெட்டித் தள்ளாதீர்கள், மாவாட்டும் கல்லைச் சுற்றுவதுபோல ஒரே சீராக. நழுவிவிட்டால் பின்னாலேயே ஓடிப் பிடிக்கப் பார்க்காமல், சற்று முன்னே கொண்டுபோய் நிறுத்தி அது குறுக்கே வரும்வரை காத்திருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

பத்தாயிரம் ஃபிரேமில் எண்ணூறில்தான் நிலையம் இருக்கும். கையால் தேடவேண்டாம், பிப் என்ற இலவச மென்பொருள் பொருள் இருக்கும் ஃபிரேமை மட்டும் பொறுக்கி, நடுவில் வைத்து வெட்டித் தரும். பிறகு ஃபிரேம்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருள். இதில் கோள்களுக்குச் செய்வதுபோல ஆயிரக்கணக்கில் அடுக்க முடியாது. நிலையம் நம்மைக் கடக்கும்போது நாம் பார்க்கும் கோணம் விநாடிக்கு ஒரு டிகிரி சுமார் மாறுகிறது, ஐந்து விநாடி முன்னால் எடுத்ததும் பின்னால் எடுத்ததும் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது. ஒரு விநாடி, மிஞ்சினால் இரண்டு விநாடிக்குள் கிடைத்த பத்து இருபது நல்ல ஃபிரேம்களை மட்டும் அடுக்குங்கள். சில சமயம் தனியாக ஒரே ஒரு ஃபிரேம் அத்தனையையும் தோற்கடிக்கும். நமக்கு ஒரு கொடுப்பினை உண்டு, வடக்கே இருப்பவர்களை வாட்டும் வேகமான மேல்காற்று நம் தலைக்கு மேல் அவ்வளவாக இல்லாததால், வானம் தெளிந்த நாட்களில் நம் காற்று அழகாக அமைதியாக இருக்கும்.

கூர்மையாக்கும்போது கையைக் கட்டுங்கள். வேவ்லெட் பட்டையை இழுக்க இழுக்க இல்லாத குழாயும் இல்லாத சன்னலும் தோன்ற ஆரம்பிக்கும். அடுத்தடுத்த இரண்டு அடுக்குகளில் ஒரே இடத்தில் தெரிவதுதான் நிஜம். சூரியத் தகடுகள் பழுப்புத் தங்கம், வெப்பத்தை வெளியேற்றும் தகடுகள் வெள்ளை, இந்த இரண்டும் பிரிந்து தெரிந்தாலே எனக்குத் திருப்தி.

பகலிலும் எடுக்கலாம்

ராத்திரி மேகத்தில் வெறுத்துப்போனவர்களுக்கு இன்னொரு வழி, நிலையம் சூரியனைக் குறுக்கே கடக்கும் அரை விநாடி. தியெரி லெகோ என்ற பிரெஞ்சுக்காரர் 2009 மே மாதம் புளோரிடாவிலிருந்து அட்லாண்டிஸ் விண்ணோடமும் ஹபிள் தொலைநோக்கியும் சேர்ந்தே சூரியனைக் கடப்பதைப் படம்பிடித்தார், இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்ததே அதைப் பார்த்துத்தான். இதில் நம் ஊருக்கு ஒரு சலுகை இருக்கிறது. சூரியன் இங்கே உச்சிக்கு வரும், அதனால் கடக்கும்போது நிலையமும் நமக்குப் பக்கத்தில் இருக்கும், பெரிதாகத் தெரியும். நம் உச்சிப்பொழுது 12 மணி இல்லை, 1 மணி சுமாருக்கு. கடிகாரத்தை 1982 தொடக்கத்தில் அரைமணி முன்னே தள்ளியதை நினைவில் வையுங்கள்.

டிரான்சிட் ஃபைண்டர் என்ற தளத்தில் ஊரைக் கொடுத்தால் நாளையும் விநாடியையும் வரைபடத்தில் கோட்டையும் தரும். தலைக்கு மேலே நடக்கும்போது அந்தப் பாதை நான்கு கிலோமீட்டர் அகலம்தான். ஈசூனில் நட்டநடுவே கடப்பது அங் மோ கியோவில் சூரியனைத் தொடாமலே போய்விடலாம். எம்ஆர்டியில் இரண்டு மூன்று நிறுத்தம் போய் நிற்கவேண்டும், அவ்வளவுதான். இதற்கு எட்டு அங்குலம் வேண்டாம், 80 மில்லிமீட்டர் ஒளிவிலகல் தொலைநோக்கியும் முக்காலியும் போதும். ஷட்டர் 1/4000, வீடியோ என்றால் பத்து விநாடி முன்னாலேயே பதிவைத் தொடங்குங்கள். விநாடிக்கு முப்பது ஃபிரேமில் பதினைந்து ஃபிரேம் கிடைக்கும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சூரிய வடிகட்டித் தாள் தொலைநோக்கியின் முன்வாயை முழுக்க மூடவேண்டும், ஐபீஸ் பக்கத்தில் மாட்டும் சின்ன வடிகட்டி வெடித்துவிடும். பார்வைக்கான தாள் வெயிலை ஒரு லட்சத்தில் ஒரு பங்காகக் குறைப்பது. ஒவ்வொரு முறையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பாருங்கள், காற்றில் பறக்காமல் டேப் போடுங்கள். ஃபைண்டரைக் கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள். மூடி போட்டால் போதும் என்பார்கள், வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகள் மூடியைத் திறப்பார்கள்.

பக்கத்துப் புளோக் சீன அங்கிள் ஒருவர் எங்கள் நிலையத்தையும் எடுத்துக் கொடேன் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். சீனாவின் தியான்கோங் விண்வெளி நிலையம், 2021 ஏப்ரலில் முதல் பகுதி போனது, 2022 அக்டோபர் கடைசியில் மூன்றாவது. அதன் பாதை 41.5 டிகிரி சாய்வு, 390 கிலோமீட்டர் சுமார் உயரம். பெரிய சூரியத் தகடுகளின் விரிப்பு 55 மீட்டருக்கு மேல், அதாவது அனைத்துலக நிலையத்தில் பாதி அளவுதான் தெரியும், இதற்குப் பார்லோ வேண்டும். இதுவரை இரண்டு முறை துரத்தினேன். ஒருமுறை பனி, ஒருமுறை நான் டேப்பை ஒட்ட மறந்து ஃபோகஸைத் தொட்டுவிட்டேன். மங்கலாக ஒரு டி எழுத்து வந்திருக்கிறது. அதையே அச்செடுத்துக் கொடு, குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிக்கொள்கிறேன் என்கிறார். இன்னொரு முறை எடுத்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.